ஜூன் ஒன்றாம் தேதிக்கு மாலை இல்லை

எங்கள் இராமநாதபுரம் மாவட்டத்தில் செப்டம்பரும் அக்டோபரும் 144 மாதங்கள். புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம் வந்த பிறகு அந்தப் பிரிவின் எண் 163 ஆகிவிட்டது. ஊரில் அதை யாரும் சட்டை செய்யவில்லை. "144 போட்டுட்டாங்களா?" என்றுதான் இன்னமும் கேட்கிறார்கள். செப்டம்பர் 11 பரமக்குடியில், தீண்டாமைக்கு எதிராகப் போராடிய இமானுவேல் சேகரனின் நினைவு நாள். அக்டோபர் 30 பசும்பொன்னில் தேவர் குருபூஜை. இடைப்பட்ட நாட்களில் வாடகை வண்டிக்குக் கட்டுப்பாடு, ஊர்வலத்துக்கு அனுமதி, சோதனைச் சாவடிக்குச் சாவடி வண்டி நம்பர் குறிக்கும் போலீஸ். ஆவணி முகூர்த்தத்தில் பெண் வீட்டுக்கு வேன் பிடித்துப் போகிறவர்கள் படும் பாட்டைக் கேட்டால் தெரியும்.

நான் வக்கீல் குமாஸ்தா. நகல் மனு போடுவது, வாய்தா குறிப்பது, கட்டு தூக்குவது என் வேலை. சட்டம் படித்தவன் இல்லை, ஆனால் சட்டப் புத்தகங்களைத் தினமும் சுமக்கிறவன். இந்தத் தொழிலில் தேதிதான் எல்லாம் என்பதால், எதைப் படித்தாலும் முதலில் தேதியைத்தான் பார்ப்பேன். தலைப்பில் இருக்கும் ஜூன் 1, தீண்டாமைக்குத் தண்டனை வைத்த 1955ஆம் வருடத்துச் சட்டம் நடைமுறைக்கு வந்த நாள். அதற்கு வரும் முன், கண்ணில் பட்ட இன்னொரு தேதி.

இமானுவேல் சேகரன் பரமக்குடியில் வெட்டிக் கொல்லப்பட்டது 1957 செப்டம்பர் 11. அப்போது அவருக்கு 32 வயது. அதற்கு முதல் நாள் முதுகுளத்தூரில் கலெக்டர் கூட்டிய சமாதானக் கூட்டத்தில் கலந்துகொண்டிருந்தார். பட்டியல் சாதியினர், பழங்குடியினர் மீதான வன்கொடுமைகளைத் தடுக்கும் சட்டத்துக்குக் குடியரசுத் தலைவர் ஒப்புதல் கொடுத்தது 1989 செப்டம்பர் 11. சரியாக 32 வருடம் கழித்து, அதே தேதி. கையெழுத்துப் போட்டவரும் ஒரு தமிழர்தான், ஆர்.வெங்கட்ராமன். யாரும் திட்டமிட்டுச் செய்ததாகத் தெரியவில்லை. தற்செயல். ஆனால் நினைவிடத்துக்கு மாலையோடு வரிசையில் நிற்கும் கூட்டத்தில் இதைப் பற்றி ஒருவர் பேசி நான் கேட்டதில்லை. சுவரொட்டியிலும் பார்த்ததில்லை. 2011இல் இதே நாளில் பரமக்குடியில் போலீஸ் துப்பாக்கிச் சூடு நடத்தி ஆறு பேர் இறந்த பிறகு, அந்தத் தேதிக்கு வேறொரு பாரமும் ஏறிவிட்டது. சட்டத்தை யார் நினைப்பார்கள்?

செத்த நாட்களுக்கு எங்கள் மாவட்டத்தில் குறைவே இல்லை. சட்டம் பிறந்த நாளை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்றுதான் எங்களுக்குத் தெரியவில்லை.

அமெரிக்காவில் கறுப்பின மக்களுக்கான குடிமை உரிமைச் சட்டத்தில் லிண்டன் ஜான்சன் 1964 ஜூலை 2ஆம் தேதி கையெழுத்திட்டார். அங்கே அந்த நாளை நினைவுகூர்ந்து கூட்டம் போடுகிறார்கள், பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்துகிறார்கள். தீண்டாமைக்கு எதிரான நம்முடைய முதல் நாடு தழுவிய சட்டம் அதைவிட ஒன்பது வருடம் மூத்தது. அரசியல் சட்டத்தின் 17ஆம் பிரிவு தீண்டாமை ஒழிந்தது என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு, மீறினால் சட்டப்படி தண்டனை என்றது. தண்டிக்கத் தேவையான நாடு தழுவிய சட்டத்துக்கு 1955 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. தீண்டாமைக் குற்றங்கள் சட்டம், 1955. அந்த வருடம் ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. சிதம்பரம் பக்கத்துக்காரரான எல்.இளையபெருமாள் தலைமையிலான குழு நாடு முழுக்கச் சுற்றி 1969இல் கொடுத்த அறிக்கைக்குப் பிறகு, 1976இல் சட்டத்தை இறுக்கி, பெயரையும் குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் என்று மாற்றினார்கள். அதன் ஆங்கிலப் பெயரின் சுருக்கம்தான் ஊர் வழக்கில் பி.சி.ஆர். இன்றைக்கு 1989ஆம் வருடத்துச் சட்டத்தில் போடும் வழக்கையும் எங்கள் பக்கம் "பி.சி.ஆர். கேஸ்" என்றுதான் சொல்வார்கள். பழைய சட்டம் பெயரளவிலாவது உயிரோடு இருக்கிறது.

ஜூன் 1 எங்கள் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகு கடலுக்குப் போகாது. மண்டபத்திலும் பாம்பனிலும் படகைக் கரையேற்றிப் பலகை மாற்றி, பெயின்ட் அடித்துக்கொண்டிருப்பார்கள். சாயல்குடிப் பக்கம் பனங்காட்டில் கருப்பட்டி காய்ச்சும் புகை. யாருக்கும் அது ஒரு விசேஷ நாள் கிடையாது.

அந்த 1955ஆம் வருடத்துச் சட்டத்தின் நான்காம் பிரிவை ஒருமுறை பொறுமையாகப் படித்துப் பாருங்கள். தீண்டாமையைக் காட்டி எதையெதைத் தடுத்தால் குற்றம் என்று பதினொரு உட்பிரிவுகள். கடை, உணவகம், அங்கே பொதுவுக்கு வைத்திருக்கும் பாத்திரம், செய்கிற தொழில், ஆறு, கிணறு, குளம், குழாய், சுடுகாடு, சாலை, வண்டி வாகனம், குடியிருக்க வீடு, சடங்கு, ஊர்வலம். பதினொன்றாவது, நகையும் அலங்கார உடையும். முதன்முறை படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. ஒரு நாட்டின் நாடாளுமன்றம் உட்கார்ந்து எழுதிய சட்டத்தில் டம்ளரும் தோடும் எதற்கு? சமத்துவம், மனித மாண்பு என்று நாலு பெரிய வார்த்தை போட்டு முடித்திருக்கலாமே?

எதற்கு என்பதற்கு எங்கள் மாவட்டமே சாட்சி.

1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையராக இருந்த ஜே.எச்.ஹட்டன் பதிவு செய்து வைத்த ஒரு பட்டியல் இருக்கிறது. 1930 டிசம்பரில் அன்றைய இராமநாதபுரம் மாவட்டத்தில் (இன்றைய சிவகங்கையும் விருதுநகரும் அப்போது இதற்குள்தான்) ஆதிக்கச் சாதியார் ஆதிதிராவிடர்களுக்கு விதித்த எட்டுத் தடைகள். முதலாவது, பொன், வெள்ளி நகை போடக் கூடாது. ஆண்கள் முழங்காலுக்குக் கீழேயோ இடுப்புக்கு மேலேயோ துணி உடுத்தக் கூடாது. சட்டை, கோட்டு, பனியன் கூடாது. கிராப் வெட்டக் கூடாது. வீட்டில் மண்பாத்திரம் தவிர வேறு புழங்கக் கூடாது. பெண்கள் ரவிக்கையோ தாவணியோ போட்டு மார்பை மறைக்கக் கூடாது. பூ வைக்கக் கூடாது, மஞ்சள் பூசக் கூடாது. எட்டாவது, வெயிலுக்கும் மழைக்கும் குடை பிடிக்கக் கூடாது, செருப்புப் போடக் கூடாது. கேட்காதவர்களின் குடிசைகள் எரிந்தன, தானியம் அழிந்தது, ஆடு மாடு கொள்ளை போனது.

அதோடு விட்டார்களா? 1931 ஜூனில் பட்டியல் பதினொன்றாக வளர்ந்தது. இந்த முறை தேவேந்திரகுல வேளாளர்களையும் பெயர் சொல்லிச் சேர்த்தார்கள். பிள்ளைகள் எழுதப் படிக்கக் கூடாது, மிராசுதார் மாட்டை மேய்க்க வேண்டும். சொந்த நிலத்தை அடிமாட்டு விலைக்கு மிராசுதாருக்கே விற்றுவிட வேண்டும், இல்லையென்றால் பாசனத்துக்குத் தண்ணீர் கிடையாது. காலை 7 மணி முதல் மாலை 6 மணி வரை வேலை, கூலி ஆணுக்கு 4 அணா, பெண்ணுக்கு 2 அணா. கல்யாணத்தில் மேளம் கூடாது. மாப்பிள்ளை குதிரையில் ஊர்வலம் போகக் கூடாது, பல்லக்கு வேண்டுமென்றால் வீட்டுக் கதவைக் கழற்றிக்கொள்ளலாம்.

கதவைக் கழற்றிக்கொள்ளலாம் என்று எழுதியவன் அந்த வரியை எழுதும்போது நிச்சயம் சிரித்திருப்பான். அந்தச் சிரிப்புதான் எனக்கு மிகவும் ஆத்திரமூட்டுவது.

ஆக, பட்டியலை முதலில் போட்டவர்கள் அவர்கள். சட்டம் அதற்குப் பதில் பட்டியல் போட வேண்டியதாயிற்று. அவர்கள் முதலில் வைத்த நகை, இதில் பதினொன்றாவதாக வருகிறது. மண்பாத்திரத்துக்குப் பதிலாகப் பொதுப் பாத்திரம் இரண்டாவதாக வருகிறது. ஊர்வலம் பத்தாவது. செருப்பும் குதிரையும் 1955இல் விட்டுப்போயின. அவை வந்தது 2015இல் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தைத் திருத்தியபோது. பொது இடத்தில் சைக்கிள், மோட்டார் சைக்கிள் ஓட்டுவதை, செருப்பும் புதுத்துணியும் அணிவதை, கல்யாண ஊர்வலம் போவதை, அதில் குதிரையிலோ வேறு வண்டியிலோ ஏறுவதைத் தடுத்தால் குற்றம் என்று அந்தத் திருத்தம் சொல்கிறது. 2016 ஜனவரி 26 முதல் அமல். 1930இல் போட்ட தடைக்குப் பெயர் சொல்லிப் பதில் வர 85 வருடம். குடையைப் பற்றி மட்டும் இரண்டு சட்டங்களிலும் பேச்சில்லை.

குடை என்றதும் எங்கள் தாத்தா நினைவுக்கு வருகிறார். நான் பார்த்ததில்லை, அப்பத்தா சொல்லிக் கேட்டதுதான். எங்கள் ஊர் சாயல்குடிக்குக் கிழக்கே, கடலிலிருந்து கூப்பிடு தூரம். அங்கிருந்து கங்காணி பின்னால் போய், மண்டபம் கேம்ப்பில் ஊசி போட்டுக்கொண்டு, தனுஷ்கோடியில் கப்பலேறி, தலைமன்னாரில் இறங்கி, மலைக்குத் தேயிலை வேலைக்குப் போனவர்களில் அவரும் ஒருவர். நுவரெலியா பக்கம் விடாத மழை. அங்கே குடையில்லாமல் காலம் தள்ள முடியாது. ஊர் திரும்பும்போது கறுப்புக் குடை, தோல் செருப்பு, இரண்டு சட்டை, ஒரு தகரப் பெட்டி. ஊர் எல்லையில் கருப்பசாமி கோயில் தாண்டினதும் குடையை மடக்கிக் கக்கத்தில் வைத்தாராம், செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்தாராம்.

"வெயில்ல குடைய மடக்கிக்கிட்டு வர்ற மனுசன அன்னைக்குத்தான் அப்பு பாத்தேன்" என்பாள் அப்பத்தா. அவள் இதைச் சோகமாகச் சொல்ல மாட்டாள். கிண்டலாகத்தான் சொல்வாள். தாத்தாவைக் கிண்டல் செய்கிறாளா, ஊரையா என்று பிரிக்க முடியாது.

அவள் சொன்ன இன்னொன்றும் உண்டு. மலையில் கொழுந்து கிள்ளிய கை அவருடையது. அங்கே லயத்தில் கோப்பையில் குடித்தார். ஊர் வந்தால் டீக்கடையில் சிரட்டையில் ஊற்றினார்கள், அதுவும் கடைக்குப் பின்பக்கம். பிறகு சிரட்டை போய் அலுமினிய டம்ளர் வந்தது. கூரையில் செருகி வைத்திருப்பார்கள், குடிக்கிறவரே எடுத்து, குடித்து, கழுவி, மறுபடி செருக வேண்டும். அதை முன்னேற்றம் என்று அந்தக் கடைக்காரர் சொன்னதாக அப்பத்தா சொல்வாள். தேயிலை விளைந்த மலைக்கும் டீக்கடைக்கும் நடுவில் ஒரு கடல்தான். இந்தப் பக்கக் கரையில் கால் வைத்ததும் மனிதர் சிறுத்துப்போனார்.

அந்தப் பக்கம் மட்டும் ஒழுங்கா என்றால், அதுவும் இல்லை. இலங்கையில் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் வந்தது 1957இல், முதுகுளத்தூர் கலவரத்தில் எங்கள் மாவட்டம் எரிந்த அதே வருடம். யாழ்ப்பாணத்தில் அதற்குப் பிறகும் தேநீர்க் கடைக்குள் நுழையப் போராட வேண்டியிருந்தது. மாவிட்டபுரம் கந்தசாமி கோயில் வாசலில் 1968இல் சத்தியாகிரகம் நடந்தது. பாக் நீரிணையின் இரண்டு கரையிலும் ஒரே மொழி, ஒரே டம்ளர். மலையகத் தமிழருக்கு அங்கே வேறொரு கதை. 1948இல் குடியுரிமையே பறிபோனது. 1964இல் சாஸ்திரியும் சிறிமாவோவும் போட்ட ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப முடிவானது. அப்படி வந்தவர்களும் மண்டபம் வழியாகத்தான் வந்தார்கள். அதைத் தனியாக எழுத வேண்டும், இங்கே தொட்டால் முடியாது.

சரி, சட்டம் வந்து என்ன ஆனது? அலுவலகத்தில் உட்கார்ந்து பார்க்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன்.

டீக்கடையில் இரட்டை டம்ளரை இன்று நீங்கள் வெளிப்படையாகப் பார்ப்பது அரிது. அதற்குச் சட்டம் பாதி காரணம், பேப்பர் கப் பாதி காரணம். எல்லாருக்கும் பேப்பர் கப் என்று ஆனபோது கடைக்காரருக்கும் நிம்மதி, போலீசுக்கும் நிம்மதி. நான் இதில் அவ்வளவாகச் சந்தோஷப்பட மாட்டேன். சில ஊர்களில் தெரிந்த முகத்துக்குக் கண்ணாடி கிளாஸ், மற்றவர்களுக்குப் பேப்பர் கப் என்று அதுவே புது ஏற்பாடாகிவிட்டது. கேட்டால் "பார்சல் கப்புதாண்ணே காலியா இருந்துச்சு" என்பார்கள். எந்த மாஜிஸ்திரேட் முன்னால் போய் எதை நிரூபிப்பது?

ஆனால் 1955ஆம் வருடத்துச் சட்டத்தில் இதற்கும் ஒரு வழி இருக்கிறது. 12ஆம் பிரிவு. பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதியாக இருந்தால், அந்தச் செயல் தீண்டாமையால்தான் நடந்தது என்று நீதிமன்றம் அனுமானித்துக்கொள்ள வேண்டும். இல்லை என்று காட்டுவது எதிர்த்தரப்பின் பொறுப்பு. நான் பார்த்த வரையில் இந்தச் சட்டத்திலேயே கூர்மையான வரி இதுதான். ஆனால் வழக்கு நீதிமன்றத்துக்கு வந்தால்தானே அனுமானம்?

வருவதில்லை. கடற்கரை ஊர் ஒன்றிலிருந்து ஒரு பையன் வந்திருந்தான், கிளாஸ் விவகாரம்தான். ஸ்டேஷனில் எஃப்.ஐ.ஆர். போடாமல் சி.எஸ்.ஆர். ரசீது கொடுத்து அனுப்பியிருந்தார்கள். அதை மடித்து மொபைல் கவருக்குள் வைத்திருந்தான், கேஸ் பதிவாகிவிட்டது என்ற நம்பிக்கையில். "இது கேஸ் இல்லப்பா, மனு வாங்கினதுக்கு ரசீது" என்று சொல்ல வேண்டிய வேலை எனக்கு வாய்த்தது. அப்புறம் சமாதானக் கூட்டம், இரண்டு பக்கமும் கையெழுத்து, இனி பிரச்சினை செய்ய மாட்டோம் என்று அவனும் எழுதிக் கொடுத்தான். அவன் என்ன பிரச்சினை செய்தான் என்று யாரும் கேட்கவில்லை. பையன் இப்போது திருப்பூரில் இருக்கிறான். டீ கொடுத்த கடை அங்கேயேதான் இருக்கிறது.

"பி.சி.ஆரை வச்சுக்கிட்டு மிரட்டுறாங்க" என்ற பேச்சும் உண்டு. மறுக்கவில்லை, பொய்ப் புகாரையும் நான் பார்த்திருக்கிறேன். எங்கள் ஆபீசில் பொய்யான செக் கேஸ் உண்டு, பொய்யான சொத்து வழக்கு உண்டு, போலிப் பத்திரம் அலமாரி நிறைய உண்டு. அதற்காகப் பத்திரப் பதிவை ஒழித்துவிடு என்று யாரும் கேட்டதில்லை. உச்ச நீதிமன்றம் 2018 மார்ச் 20ஆம் தேதி, வன்கொடுமைப் புகாரில் முதலில் விசாரணை நடத்திப் பார்க்கலாம், கைதுக்கு முன் அனுமதி வாங்க வேண்டும் என்றெல்லாம் சொன்னபோது, அந்த வருடமே நாடாளுமன்றம் 18ஏ பிரிவைச் சேர்த்து அதையெல்லாம் தேவையில்லை என்று ஆக்கியது. 2020 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றமும் அந்தத் திருத்தம் செல்லும் என்று சொல்லிவிட்டது. அதுவும் எங்கள் பக்கத்து ஸ்டேஷன்களுக்கு இன்னும் முழுசாக வந்து சேரவில்லை என்பது என் அபிப்பிராயம்.

தமிழ்நாட்டில் படித்த எவரும் மறக்க முடியாத மூன்று வரிகள் உண்டு, பாடப்புத்தகத்தில் அச்சிட்டிருப்பார்கள். தீண்டாமை ஒரு பாவச்செயல், தீண்டாமை ஒரு பெருங்குற்றம், தீண்டாமை மனிதத்தன்மையற்ற செயல். நாங்கள் மனப்பாடமாகச் சொல்லியிருக்கிறோம். குற்றம் என்றால் எந்தச் சட்டம், எந்தப் பிரிவு, எங்கே போய்ச் சொல்வது என்று எந்த வாத்தியாரும் அடுத்த வரி சொன்னதில்லை. ஜனவரி 30ஆம் தேதி அரசு அலுவலகங்களில் தீண்டாமை ஒழிப்பு உறுதிமொழி எடுக்கிறார்கள். காந்தி நினைவு நாள் என்பதற்காக. வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் அமலுக்கு வந்ததும் 1990இல் அதே ஜனவரி 30தான். உறுதிமொழியை வாசிக்கிறவருக்கு அது தெரிந்தால், கடமை தவறும் அரசு ஊழியருக்கே தண்டனை வைத்திருக்கும் அந்தச் சட்டத்தின் நான்காம் பிரிவையும் சேர்த்து வாசிக்கலாம். கொஞ்சம் நெளிவார்கள், அவ்வளவுதான்.

ஜூன் 1க்கு எனக்குத் தோன்றுவது இதுதான். சிலை வேண்டாம், மாலை வேண்டாம், வண்டி கட்டிக்கொண்டு வர வேண்டாம். 1930ஆம் வருடத்துப் பட்டியலையும் 1955ஆம் வருடத்துப் பட்டியலையும் ஒரே தாளில் பக்கத்தில் பக்கத்தில் அச்சடித்து, கடற்கரை ஊர்களில் கொடுக்க வேண்டும். தடைக்காலத்தில் ஆட்களும் வீட்டில் இருப்பார்கள். எங்கள் பெரியப்பா மகனிடம் இதைச் சொன்னேன். அவன் இரண்டாவது பட்டியலுக்குக் கீழே இருந்த தண்டனையைப் படித்துவிட்டு, "என்னண்ணே, 500 ரூவாதானா?" என்றான்.

ஆமாம். முதல் தடவை குற்றம் நிரூபணமானால் ஒரு மாதத்துக்குக் குறையாமல் ஆறு மாதத்துக்கு மிகாமல் சிறை, கூடவே அபராதம் 100 முதல் 500 ரூபாய் வரை. சிறை கட்டாயம் என்று ஆக்கியது 1976ஆம் வருடத் திருத்தம், அது நல்ல காரியம். ஆனால் 500 என்ற உச்சவரம்பு 1955இல் போட்டது, அப்படியே கிடக்கிறது. அன்றைக்கு அந்தப் பணத்துக்குப் பவுன் வாங்கலாம். இன்றைக்குத் தமிழ்நாட்டில் ஹெல்மெட் போடாமல் பைக் ஓட்டினால் 1000 ரூபாய்.

தாளின் பின்பக்கம் காலியாக இருக்கிறது. அதில் இந்தத் தொகையை உயர்த்தச் சொல்லி எங்கள் தொகுதி எம்.பி.க்கு ஒரு மனு அடித்துக் கொடுத்தால், படித்தவர்கள் அங்கேயே கையெழுத்துப் போட்டுத் தரலாம். மனு வாசகம் நான் எழுதிவிட்டேன், வக்கீல் சார் திருத்திக்கொண்டிருக்கிறார். எவ்வளவு என்று கேட்பது என்பதில்தான் இரண்டு பேருக்கும் இன்னும் ஒத்துப்போகவில்லை. அவர் 25,000 என்கிறார். என் கணக்கு கடையின் ஒரு மாத வியாபாரம்.